மதிலுக்கு வெளியே ஒரு மருத்துவமனை

(மூன்றாம் ஆண்டு சிவில் பிரிவு மாணவி)

பில்டிங் டிராயிங் வகுப்பில் நாம் எல்லோரும் ஒரு முறையாவது ஆஸ்பத்திரி பிளான் போட்டிருப்போம். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், எக்ஸ்ரே அறை, மருந்துக் கிடங்கு எல்லாவற்றையும் அளவு பிசகாமல் போட்டுவிட்டு, கடைசியில் ஷீட்டின் ஓரமாக இரட்டைக் கோடு இழுத்து 'காம்பவுண்டு சுவர்' என்று எழுதுவோம். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம். அந்த வெள்ளைக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நண்பர்களே, இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் பட்டினப்பாக்கத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் ஜனங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, பிரசவம் என்றால் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி (அதாவது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை), கைமீறிப் போனால் சென்ட்ரல் எதிரில் இருக்கும் ஜி.எச். ஆஸ்பத்திரியை உள்ளே இருந்து பார்த்ததைவிட வெளியே இருந்து பார்த்ததுதான் எங்களுக்கு அதிகம். ஆகவே வெளிப்பக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

12 படுக்கையில் இருந்து 500 படுக்கை வரை

எங்கள் பட்டினப்பாக்கத்துக்கு அக்கரையில், திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அடையாறு காந்தி நகர். சுதந்திரம் வந்த காலத்தில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் மூலம் மனை பிரித்து, தெரு போட்டு, மரம் வைத்து உருவான குடியிருப்பு அது. அங்கேதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் போராடியதன் பலனாக, 1952 அக்டோபர் 10-ஆம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி 12 படுக்கைகளோடு மருத்துவமனை வேலையைத் தொடங்கியது. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021 ஜனவரியில் மறையும்வரை டாக்டர் சாந்தாவின் வாழ்க்கை அந்த வளாகத்தோடுதான்.

இன்று அந்த மருத்துவமனையில் 500-க்கும் மேற்பட்ட படுக்கைகள். 12 எங்கே, 500 எங்கே! நாற்பது மடங்குக்கு மேல். காந்தி நகர் தெருக்களின் அகலம் நாற்பது மடங்கு ஆகவில்லை. சாக்கடைக் குழாயும் ஆகவில்லை. நோயாளி மட்டும் தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறார். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் திணிக்காமல், சர்தார் படேல் சாலையில் இரண்டாவது வளாகம் அமைந்தது. ஒரு நல்ல ஆஸ்பத்திரியின் இயல்பே இதுதான்: நன்றாக வைத்தியம் பார்த்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் இடம் போதாது, இடம் போதாவிட்டால் பக்கத்து மனையைப் பார்க்க வேண்டும். பக்கத்து மனையில் யாரோ குடியிருப்பார்கள்.

ஆக ஆஸ்பத்திரி விரிவாக்கம் என்பது கெட்டவர்கள் செய்கிற வேலை இல்லை. எதிர்க்கிற அக்கம்பக்கத்தாரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவே கணக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும். நாளைக்கு டிப்ளமோ முடித்து சைட்டில் நிற்கப் போகிற நாம்தான் அந்த ஒருவர்.

ஒரு பயிற்சிக் கணக்கு

குடியிருப்பை ஒட்டிய ஒரு ஆஸ்பத்திரி புதிதாக 500 படுக்கை சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நானே போட்டுப் பார்த்த கணக்கு, எந்த ஆஸ்பத்திரியின் திட்டமும் அல்ல.

முதலில் தண்ணீர். நாம் படித்த இந்தியத் தர நிர்ணயக் குறியீட்டின்படி வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். 100 படுக்கைக்கு மேலான ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கைக்கு 450 லிட்டர். 500 படுக்கைக்கு 2,25,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 25 லோடு. இதே தண்ணீரை 135-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1,670 பேர் குடியிருக்கிற ஒரு பேட்டைக்குத் தேவையான தண்ணீர். கோடை காலத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்த தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணின் பாரம் புரியும்.

அடுத்தது கழிவுநீர். உள்ளே வந்த தண்ணீரில் 80 சதவீதம் வெளியே போகும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் தினமும் 1,80,000 லிட்டர். வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் கட்டி, சுத்தம் செய்த நீரைக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் குளிர்சாதனக் கோபுரத்துக்கும் திருப்பினால் தெருக்குழாய் பிழைக்கும், லாரியும் குறையும். இல்லாவிட்டால் மழை நாளில் தெருவில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, மனிதர்கள். ஒரு நோயாளிக்குத் துணைக்கு ஒரே ஆள் என்று வைத்தாலும் 500 பேர். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க ஆறடிக்கு மூன்றடி, அதாவது 18 சதுர அடி. 500 பேருக்கு 9,000 சதுர அடி. நடக்க வழி, சாமான் வைக்க இடம், கக்கூஸ், குளியலறை எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 18,000 சதுர அடி. இந்த 18,000 சதுர அடி பிளானில் இல்லையென்றால் அந்த 500 பேர் மறைந்து போய்விட மாட்டார்கள். அவர்கள் பிளாட்பாரத்துக்கு வருவார்கள். மாவட்டத்திலிருந்து வந்தவர் லாட்ஜ் வாடகை கொடுக்க முடியாமல் பக்கத்துத் தெருத் திண்ணையில் படுப்பார். திண்ணை வீட்டுக்காரர் கிரில் போடுவார். அப்புறம் ரெண்டு பேருக்கும் சண்டை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் சித்தப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. சித்தியும் ஆயாவும் முறை வைத்துக்கொண்டு வெளியே ரோட்டோரம் பதினோரு ராத்திரி படுத்தார்கள். ராத்திரிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவது என் வேலை. எதிரே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆயா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்மாம் பெருசா கட்றாங்களே, கண்ணு, கூட வந்தவங்க தலை சாய்க்க ஒரு தாவாரம் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டது. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது படித்ததால் தெரிகிறது: கேட்க வேண்டியவர்கள் பிளான் போடும்போது கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

வேலூரைப் பாருங்கள். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. இன்று நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் எல்லாம் லாட்ஜ் ஆகிவிட்டன, கடைப் பலகைகளில் வங்காள எழுத்து, ஓட்டலில் வங்காளச் சமையல். ஊருக்குப் பிழைப்பு கிடைத்தது, நெரிசலும் கூடவே வந்தது. கடைசியில் 2022-இல் ராணிப்பேட்டை அருகே நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய புது வளாகம் திறந்தார்கள். மும்பை டாட்டா புற்றுநோய் மருத்துவமனையும் அப்படித்தான். 1941-இல் பரேலில் தொடங்கி, பிற்பாடு நவி மும்பை கார்கரில் இரண்டாம் வளாகம் எடுத்தது. பரேல் பிளாட்பாரத்தில் படுத்த குடும்பங்களின் கஷ்டத்தைப் பார்த்து, சிகிச்சைக்கு வரும் குழந்தைகளும் பெற்றோரும் இலவசமாகத் தங்க 2006-இல் செயின்ட் ஜூட் மையங்கள் தொடங்கின. தங்குமிடத்தை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினைத்தவர்கள் அவர்கள்.

மண்ணுக்கு அடியில்

எங்கள் பக்கம் கடற்கரை மணல். இங்கே பேஸ்மென்ட் தோண்டினால் சில அடியிலேயே ஊற்று வந்துவிடும். வேலை நடக்க வேண்டுமானால் இரவும் பகலும் பம்பு ஓட வேண்டும். சைட்டில் இதை 'டீவாட்டரிங்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மதிலுக்கு வெளியே என்ன ஆகிறது?

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம் என்பதால் இந்த மிதப்பு. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். கைபன் – ஹெர்ஸ்பெர்க் விதி என்று இதற்குப் பெயர். இதைத் திருப்பிப் படியுங்கள். பம்பு போட்டு ஊற்று மட்டத்தை ஒரு அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், உப்புத் தண்ணீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலே ஏறி வரப் பார்க்கும். கட்டட வேலை ஒரு வருஷத்தில் முடிந்து பம்பை நிறுத்திவிடலாம். பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் ஏறிய கரிப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும் சென்னைக் கிணறுகள் தேறின. அப்படித் தேற்றிய தண்ணீரை ஒரே ஒரு குழி வீணடித்துவிடக்கூடாது.

வழி இல்லாமல் இல்லை. கடலோரத்தில் இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் என்ற ஆசையை முதலில் விட வேண்டும், காரை ஸ்டில்ட் தளத்தில் நிறுத்தலாம். தோண்டியே ஆக வேண்டுமானால் குழியைச் சுற்றி ஷீட் பைலோ டயாபிரம் சுவரோ இறக்கி ஊற்றைத் தடுக்க வேண்டும். வெளியே எடுத்த சுத்தமான தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்டாமல் ரீசார்ஜ் கிணறு வழியாக மண்ணுக்கே திருப்ப வேண்டும். சுற்றியுள்ள நாலைந்து வீட்டுக் கிணற்று மட்டத்தை வாரா வாரம் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும்.

அஸ்திவாரத்திலும் இதே யோசனைதான். அடித்து இறக்கும் பைல் சுலபம், ஆனால் அதன் அதிர்வு பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடும். குடிசை மாற்று வாரியம் 1970-இல் உருவானது (2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது). அது கட்டிக் கொடுத்த பழைய குடியிருப்புகள் பலவற்றில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, சீலிங் காரை பெயர்ந்து கிடப்பதை எங்கள் பக்கம் வந்தால் பார்க்கலாம். அந்த மாதிரிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் துளை போட்டு வார்க்கும் பைல்தான் முறை. வேலை தொடங்கும் முன்னே அக்கம்பக்கத்து வீடுகளின் விரிசல்களைப் படம் எடுத்து, தேதி போட்டு, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால், சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து சொல்லிவிடும். இருபது ரூபாய் செலவு. கோர்ட், வக்கீல் செலவைவிட எவ்வளவோ குறைவு!

சத்தமும் குப்பையும்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலம் என்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபெல், இரவில் 40 டெசிபெல்தான் அனுமதி. சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. 2017-இல் வந்த திருத்தத்தின்படி, மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம்.

இந்த 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது? ஆஸ்பத்திரி வளர வளர, அளக்கிற புள்ளியும் நகரும். நேற்றுவரை ஆடி மாதம் கூழ் ஊற்றி மைக் செட் கட்டிய அம்மன் கோயில், நாளைக்கு அமைதி வட்டத்துக்குள் வந்துவிடலாம். கல்யாண பேண்டு, சாவு மேளம், எல்லாவற்றுக்கும் கேள்வி வரும். நோயாளிக்கு அமைதி வேண்டும், அதில் மறு பேச்சே இல்லை. ஆனால் தெருவைப் பார்த்து 'சும்மா இரு' என்று சொல்லும் முன், ஆஸ்பத்திரி தன் ஜெனரேட்டரையும் குளிர்சாதன யூனிட்டையும் எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அநேகமாகப் பின்பக்கத்து மதில் ஓரமாக வைத்திருக்கும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் என்பது வேறு யாரோ ஒருவர் வீட்டு முன்பக்கம். பிளானில் 'சர்வீஸ் யார்டு' என்று எழுதும்போது நமக்கு இது ஞாபகம் வர வேண்டும்.

மருத்துவக் கழிவும் அப்படியே. 2016 விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்து வைக்க வேண்டும், மஞ்சள் பையில் போகிற கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் சுத்திகரிக்காமல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி தன் வளாகத்தில் தனியாக எரிக்கும் உலை கட்டவும் முடியாது. எனவே தினமும் வண்டி வந்தாக வேண்டும். அந்த வண்டி பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சந்து வழியாக வருமா, விடியற்காலையில் மெயின் ரோடு வழியாக வருமா என்பதை முடிவு செய்வது கேட் எங்கே இருக்கிறது என்பதுதான். கேட்டைக் குறிப்பது நம் பென்சில்.

ரோடு என்றால் யார் ரோடு?

விரிவாக்கம் என்றால் 'போக்குவரத்து' என்ற பேச்சு கட்டாயம் வரும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு வழி விடத் தயங்குகிற ஆளை எங்கள் குப்பத்தில் பார்க்க முடியாது, அடுத்த முறை அதில் போகிறவர் நம் வீட்டு ஆளாக இருக்கலாம் அல்லவா! ஆனால் 'ரோட்டை அகலப்படுத்த வேண்டும்' என்று சொல்லும்போது அந்த ரோட்டில் ஏற்கெனவே யார் பிழைக்கிறார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

மெரினா லூப் ரோடு இதற்குப் பாடம். அந்த ரோட்டோரம் மீன் விற்பது எங்கள் பெண்களின் பிழைப்பு. 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் ரோட்டில் இறங்கிப் போராடினார்கள். அப்புறம் 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் புது மீன் அங்காடி திறந்தது. அம்மா அப்போது சொன்னது: "ரோடு போட்டப்பவே கடைக்கு இடம் வுட்டிருந்தா இவ்ளோ ரகளை இன்னாத்துக்கு?" நாலு செமஸ்டர் டவுன் பிளானிங் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலும் இளநீர்க்காரர், இட்லிக்கடை அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாரும் வருவார்கள். நோயாளியின் துணைக்கு வந்தவருக்கு இருபது ரூபாயில் வயிறு நிறைவது அவர்களால்தான். அவர்களுக்கு முதலிலேயே ஒரு பட்டை இடம் ஒதுக்கினால் ஆம்புலன்ஸ் பாதை தானே தெளிவாகிவிடும்.

கொல்கத்தா சொல்லும் பாடம்

2011 டிசம்பர் 9. தெற்குக் கொல்கத்தா தாகுரியாவில் ஏ.எம்.ஆர்.ஐ. என்ற தனியார் மருத்துவமனை. கார் நிறுத்த வேண்டிய பேஸ்மென்டில் எரியக்கூடிய சாமான்கள் அடுக்கப்பட்டிருந்தன. விடியும் முன்னே அங்கே தீப்பிடித்தது. கண்ணாடி மூடிய, குளிர்சாதன வசதி செய்த கட்டடம் என்பதால் புகை வெளியேற வழியின்றி மேல் மாடிகளுக்கு ஏறியது. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத நோயாளிகள் புகையில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். சுமார் 90 உயிர்கள்.

அந்த மருத்துவமனையை ஒட்டி பஞ்சானந்தலா என்ற குடிசைப் பகுதி. புகையை முதலில் கண்டுபிடித்தவர்கள் அங்கே இருந்த இளைஞர்கள். ஓடி வந்தார்கள். கேட்டில் இருந்த காவலர்கள் முதலில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அவர்கள் போகவில்லை. மதில் ஏறிக் குதித்து, மூங்கிலும் கயிறும் கொண்டு மேலேறி, கண்ணாடியை உடைத்து நோயாளிகளை இறக்கினார்கள். தீயணைப்பு வண்டி குறுகிய வழியில் திணறி வந்து சேரும்வரை அந்தக் குடிசை ஜனங்கள்தான் மீட்புப் படை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் குப்பத்திலும் அப்படித்தான். 2004 சுனாமி வந்த காலையில் ஒருவரை ஒருவர் இழுத்துக் கரை சேர்த்தது குப்பத்து ஆட்கள்தான் என்று சீனிவாசபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கயிறு கட்டத் தெரிந்தவர்கள், உயரம் ஏறத் தெரிந்தவர்கள், தண்ணீரில் பயமில்லாதவர்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குடியிருப்பு இருப்பது பாக்கியம். ஆனால் ஆஸ்பத்திரி பிளானில் குடிசைப் பக்கம் என்றால் எட்டடி மதில், மேலே கண்ணாடிச் சில்லு!

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயரமான கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் அகலத்துக்குத் தீயணைப்பு வண்டி ஓடும்படி திறந்த இடம் விடச் சொல்கிறது, 45 டன் எடையைத் தாங்கும் தரையோடு. நுழைவாயிலும் 6 மீட்டர் இருக்க வேண்டும். அந்தப் 6 மீட்டரைப் பூந்தொட்டி வைத்தும் ஸ்கூட்டர் நிறுத்தியும் அடைத்துவிடாமல் இருக்க வேண்டும். அதோடு என் யோசனை ஒன்று: குடியிருப்பைப் பார்த்த மதிலில் ஒரு அவசர வாசல் வையுங்கள். சாவி ஆஸ்பத்திரியிடமும் இருக்கட்டும், அந்தத் தெருவின் பொறுப்பான இரண்டு பேரிடமும் இருக்கட்டும். வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை நடத்தி, தெருப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கக் கற்றுக்கொடுங்கள்.

தண்ணீர் ஆபத்தும் இதே மாதிரிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் ஒரு மருத்துவமனையில் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் நின்றுபோன செய்தி நமக்கெல்லாம் தெரிந்ததே. ஜெனரேட்டர், மின் பலகை, ஆக்சிஜன் பிளான்ட் மூன்றும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இதைவிட உரக்கச் சொல்ல முடியாது.

கேட்க இடம் உண்டா?

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் ஆஸ்பத்திரிக்கு 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டம் போட்டு ஊரைக் கேட்பார்கள், ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரிக்கு அப்படிக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடலோரம் என்றால் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் சேரும். நில உபயோகத்தை மாற்ற வேண்டுமானால் சி.எம்.டி.ஏ. பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபணை கேட்கும். அந்தப் பத்திரிகை எங்கள் தெருவுக்கு மீன் மடிக்கத்தான் வருகிறது, தேதி தாண்டிய பிறகு!

ஆகவே சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், பிளான் பென்சிலில் இருக்கும்போதே தெருவில் வந்து உட்கார்ந்து, தமிழில் சொல்லி, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காங்கிரீட் போட்ட பிறகு கேட்டால் அது சமாதானப் பேச்சுதான்.

'தூரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்களேன்' என்பவர்களும் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. 2023 ஜூனில் கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் திறந்த 1,000 படுக்கை கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையைப் போல, அரசு நிலம் இருக்கிற இடத்தில் புதிதாகக் கட்டினால் பழைய ஆஸ்பத்திரியின் பாரம் குறையும். ஆனால் எல்லா ஆஸ்பத்திரியையும் ஊருக்கு வெளியே தள்ளிவிட்டால், கார் இருப்பவர் எப்படியும் போய்விடுவார். ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் வியாபாரத்தை விட்டு வர வேண்டியவர் 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்பார். எங்கள் பக்கத்தில் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வியாதிகள் எத்தனையோ. எனக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வேண்டும். எங்களை எண்ணிப் பார்த்துக் கட்டிய ஆஸ்பத்திரி வேண்டும்.

பிளானில் கையெழுத்துப் போடும் முன்

தோழர்களே, நாளைக்கு உங்கள் மேஜைக்கு இப்படி ஒரு வேலை வந்தால், இந்த ஏழு கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. துணைக்கு வருபவர் எங்கே படுப்பார், எங்கே குளிப்பார், எங்கே சமைத்துச் சாப்பிடுவார்?
2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பங்கிலிருந்து வருகிறது?
3. தோண்டும் குழி அடுத்த வீட்டுக் கிணற்றை என்ன செய்யும்?
4. அக்கம்பக்கத்து விரிசல்கள் வேலைக்கு முன் பதிவாகிவிட்டனவா?
5. ஜெனரேட்டரும் குப்பை அறையும் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கின்றன?
6. தீயும் வெள்ளமும் வந்தால் தெரு ஜனங்கள் உள்ளே வர வாசல் உண்டா?
7. இதையெல்லாம் அந்தத் தெருவில் யாரிடமாவது கேட்டோமா?

நாம் டிப்ளமோக்காரர்கள். பெரிய முடிவுகளை நம்மைக் கேட்டு எடுக்க மாட்டார்கள் என்று ஒரு தாழ்வு மனப்பான்மை நம்மிடம் உண்டு. ஆனால் சைட்டில் முதலில் நிற்பதும், சுண்ணாம்புப் பொடியால் மார்க்கிங் போடுவதும், பக்கத்து வீட்டு அம்மா கோபமாக வந்தால் பதில் சொல்வதும் நாம்தான். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பொறியாளர் பத்துப் பேர் நம் பேட்ச்சில் இருந்து போனால், இந்த மூன்று வருஷப் படிப்பு வீண் போகவில்லை என்பேன்.